முதலில் பிடிப்பது, பிறகு திருப்பித் தருவது: வெஸ்டர்ன் ஏர்லைன்ஸ் எழுத்தர்களின் சந்தா வழக்கு

விமான நிறுவனத் தொழிற்சங்கங்களின் சந்தா என்றதும் பலரும் "கட்டாயமாகப் பிடிக்கலாமா கூடாதா" என்ற இடத்திலேயே மல்லுக்கு நிற்கிறார்கள். அமெரிக்காவைப் பொறுத்தவரை அதற்கு 1956லேயே பதில் வந்துவிட்டது: பிடிக்கலாம். பிறகு நடந்த நீண்ட சண்டை கணக்குப் புத்தகத்தைப் பற்றியது. எந்தச் செலவு எல்லோர் தலையிலும் விழலாம், எதிர்ப்பவருடைய பங்கை எப்போது கழிக்க வேண்டும், அந்தக் கணக்கைப் போடுவது யார். இந்த மூன்றும் ஒரே வழக்கில் சேர்ந்து வந்தது வெஸ்டர்ன் ஏர்லைன்ஸ் எழுத்தர்களின் விவகாரத்தில்தான், அதனால் அதையே முதலிலிருந்து முடிவு வரை எழுதுகிறேன். ஊழியர்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை.

பின்னணி

அமெரிக்க விமான நிறுவன ஊழியர்கள் மற்ற தனியார் துறை ஊழியர்களுக்கான பொதுவான தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருவதில்லை. 1926ல் ரயில்வேக்காக எழுதிய ரயில்வே தொழிலாளர் சட்டத்தை 1936ல் விமான நிறுவனங்களுக்கும் நீட்டினார்கள். அன்றிலிருந்து விமானி, கேபின் ஊழியர், மெக்கானிக், டிக்கெட் கவுன்டரில் நிற்பவர், சாமான் ஏற்றுபவர் எல்லோரும் அதன் கீழ்தான். அந்தச் சட்டப்படி ஒரு தொழில் பிரிவுக்கு ஒரே சங்கம். தேர்தலில் ஜெயித்த சங்கம் அந்தப் பிரிவில் உள்ள எல்லோருக்காகவும் நிர்வாகத்திடம் பேசியாக வேண்டும். உறுப்பினர் அல்லாதவர், போட்டிச் சங்கத்துக்கு ஓட்டுப் போட்டவர், சங்கத்தையே திட்டித் தீர்ப்பவர் என்று யாரையும் கழற்றிவிட முடியாது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஒரு ரயில்வே சங்கம் கறுப்பின ஊழியர்களை ஒதுக்கி ஒப்பந்தம் போட்டபோது, 1944ல் உச்ச நீதிமன்றம் இதைச் சங்கத்தின் சட்டக் கடமை என்றே சொல்லிவிட்டது. ஒரே ஆலையில் நாலு கொடிக்கம்பம் இருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும்.

எல்லோருக்கும் உழைக்கச் சொல்கிறீர்கள், சந்தா மட்டும் சிலர்தான் கட்டுகிறார்கள், மற்றவர்கள் ஓசியில் அனுபவிக்கிறார்கள் என்று சங்கங்கள் முறையிட்டன. 1951ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. சங்கமும் நிர்வாகமும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால், வேலையில் சேர்ந்து 60 நாட்களுக்குள் சங்கத்தில் சேர வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். ஊழியர் எழுதிக் கொடுத்தால் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்து நிறுவனம் சங்கத்துக்கு அனுப்பலாம். அந்தச் சம்மதத்தை ஒரு வருடம் கழித்து ஊழியர் திரும்பப் பெறலாம். இந்த ஏற்பாட்டை மாநிலச் சட்டங்கள் தடுக்க முடியாது என்றும் திருத்தத்திலேயே எழுதிவிட்டார்கள். அதனால்தான் டெக்சாஸ், ஜார்ஜியா, புளோரிடா மாதிரி கட்டாயச் சந்தாவைத் தடை செய்த மாநிலங்களில்கூட விமான நிறுவன ஊழியரிடம் சந்தா பிடிக்க முடிகிறது. பக்கத்துத் தொழிற்சாலைக்காரருக்கு இல்லாத பிடித்தம் விமான நிலையத்தில் வேலை பார்ப்பவருக்கு உண்டு என்பது அங்கே இன்றும் பலருக்குப் புரியாத சமாச்சாரம்.

1956ல் நெப்ராஸ்கா ரயில்வே ஊழியர்கள் இதை எதிர்த்துப் போய்த் தோற்றார்கள். 1961ல் ஜார்ஜியாவிலிருந்து வந்த இன்னொரு ரயில்வே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: எதிர்ப்புத் தெரிவித்த ஊழியரின் பணத்தை அவருக்கு ஒவ்வாத அரசியல் காரியங்களுக்குச் செலவிடக் கூடாது. 1963ல் அடுத்த வழக்கு. எந்தெந்த அரசியல் செலவு பிடிக்கவில்லை என்று ஊழியர் பட்டியல் போட வேண்டியதில்லை, பொதுவாக எதிர்த்தாலே போதும், கணக்குப் புத்தகம் சங்கத்தின் கையில் இருப்பதால் விகிதத்தை நிரூபிப்பதும் சங்கத்தின் வேலை என்று அதில் தீர்ப்பானது. எழுபதுகள் தொடங்கும்போது நிலைமை இதுதான். அரசியலுக்குக் கோடு இருக்கிறது, சம்பளப் பேச்சுவார்த்தைக்குத் தடை இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பெரிய பரப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

1971: பிடித்தம் தொடங்குகிறது

வெஸ்டர்ன் ஏர்லைன்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட பழைய நிறுவனம், 1925ல் தொடங்கியது. அதன் எழுத்தர்களுக்காகப் பேசிய சங்கம், ரயில்வே, விமானம், கப்பல் எழுத்தர்களின் சகோதரத்துவம், சுருக்கமாக பிராக். 1899ல் ரயில்வே எழுத்தர்களால் தொடங்கப்பட்டு, பின்னால் விமான நிலையக் கவுன்டர்களுக்கும் வந்து சேர்ந்த சங்கம். முன்பே பேசி முடித்திருந்த ஒரு ஒப்பந்தத்தின்படி 1971ல் கட்டாயச் சந்தா அமலுக்கு வந்தது. நடைமுறையில் அட்டை வாங்கி உறுப்பினராக வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் உறுப்பினர் கட்டுகிற அதே தொகையைக் கட்டியாக வேண்டும்.

அந்தப் பணம் ஒரே பெட்டியில் தங்காது. ஒரு பகுதி உள்ளூர்க் கிளைக்கு, ஒரு பகுதி 'கிராண்ட் லாட்ஜ்' என்று அவர்கள் அழைக்கும் தேசியத் தலைமைக்கு, இடையில் நிறுவனத்துடனான தாவாக்களைக் கவனிக்கும் குழுவுக்கு. தலைமைக்குப் போன காசு ரயில்வேக்காரர்களின் காசோடு கலந்துவிடும். இந்த ஊழியரின் பணம் எதற்குப் போனது என்று நோட்டை வைத்துப் பின்தொடர முடியாது. மொத்தச் செலவில் ஒவ்வொரு தலைப்பும் எத்தனை விழுக்காடு என்று பார்த்து, அதையே ஒருவரின் சந்தாவுக்கும் பொருத்திப் பார்க்கலாம், அவ்வளவுதான். பின்னால் வரும் எல்லாச் சிக்கலும் இந்த விகிதக் கணக்கிலிருந்துதான் கிளம்பியது.

எழுத்தர்கள் கேட்டது

வழக்குப் போட்ட எழுத்தர்கள் கட்டாயச் சந்தாவையே ஒழிக்கச் சொல்லவில்லை. சொன்னாலும் 1956 தீர்ப்பு குறுக்கே நின்றிருக்கும். வெஸ்டர்ன் ஏர்லைன்ஸுடன் ஒப்பந்தம் பேசுவதற்கும் எங்கள் தாவாக்களைத் தீர்ப்பதற்கும் ஆகிற செலவில் எங்கள் பங்கைக் கட்டுகிறோம், அதற்கு மேல் ஒரு காசும் முடியாது. இதுதான் அவர்களுடைய கோரிக்கை. பின்னால் நின்று நடத்தியது கட்டாயச் சந்தாவை எதிர்க்கவே 1968ல் தொடங்கப்பட்ட தேசிய வேலை உரிமை சட்டப் பாதுகாப்பு அறக்கட்டளை. எழுத்தர்களின் குறையும் அறக்கட்டளையின் கொள்கையும் ஒன்றல்ல, ஆனால் இந்த மாதிரி வழக்கை உச்ச நீதிமன்றம் வரை இழுத்துச் செல்லத் தனி ஆளால் முடியாது என்பதும் உண்மை.

எதிர்த் தரப்பில் தேசியச் சங்கம், அதன் தாவாக் குழு, மூன்று உள்ளூர்க் கிளைகள். அரசியல் செலவை எதிர்ப்பாளர் தலையில் கட்டக் கூடாது என்பதைச் சங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. மிச்சம் இருந்தது இரண்டு தகராறு. ஒன்று, அரசியல் பங்கைத் திருப்பித் தரும் முறை சரியா. இரண்டாவது, அரசியலும் இல்லாமல் நேரடிப் பேரமும் (நிர்வாகத்துடனான ஒப்பந்தப் பேச்சுவார்த்தையும்) இல்லாமல் நடுவில் கிடந்த ஆறு செலவுகளை எதிர்ப்பாளரிடம் வாங்கலாமா: நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் தேசிய மாநாடு, பேரத்தோடு தொடர்பில்லாத வழக்குகள், சங்கப் பத்திரிகை, கூட்டச் சிற்றுண்டியும் கொண்டாட்டங்களும், இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை, வெளியில் புது ஆட்களைச் சங்கத்தில் சேர்க்கும் வேலை.

சங்கம் வைத்திருந்த ஏற்பாடு

சங்கத்தை வில்லனாக்கிவிடுவது சுலபம். ஆனால் பிராக் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. எதிர்ப்புத் தெரிவித்தவரிடம் முழுத் தொகையையும் பிடிப்பார்கள். பிறகு கணக்கை முடித்து, அரசியல், அறப்பணி போன்றவற்றுக்குப் போன விகிதத்தை அவருக்குத் திருப்பித் தருவார்கள்.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பதற்குப் பத்திரிகையே நல்ல உதாரணம். மாதப் பத்திரிகையில் பேச்சுவார்த்தைச் செய்தி வரும், வேலைநிறுத்தச் செய்தி வரும், வரப்போகும் சட்டங்கள், புறக்கணிக்க வேண்டிய பொருட்கள், விளையாட்டு, விழா எல்லாம் வரும். அதில் அரசியல் எவ்வளவு? வரிகளை எண்ணினார்கள். மொத்த வரிகளில் அரசியல் விஷயங்களுக்குப் போனவை எத்தனை என்று எண்ணி, அந்த விகிதத்தைப் பத்திரிகைச் செலவுக்குப் பொருத்தி, அந்தப் பங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் இதைவிட நேர்மையான அளவுகோல் ஒன்று சட்டென்று எனக்குத் தோன்றவில்லை. எந்த வரி அரசியல் என்று தீர்மானிப்பவர் சங்கத்திடம் சம்பளம் வாங்குகிறவர் என்பதுதான் உறுத்தல்.

கீழ் நீதிமன்றங்கள்

கலிபோர்னியாவின் மாவட்ட நீதிமன்றம் ஆறு செலவுகளிலும் ஊழியர்கள் பக்கம் நின்றது. வருங்காலத்தில் அந்தப் பங்கைக் கட்டாமலே விலகிக்கொள்ள ஒரு வழியையும் ஏற்படுத்தியது. வேடிக்கை என்னவென்றால், அரசியல் செலவுக்கான திருப்பித் தரும் முறை நல்லெண்ண முயற்சி, அதுவே போதும் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. ஆக, சிற்றுண்டிச் செலவுக்கு முன்கூட்டியே கழிவு, அரசியல் செலவுக்குப் பின்னால் திருப்பித் தருவது. இரண்டில் எது ஊழியருக்கு அதிக வலி என்று யோசித்திருந்தால் தலைகீழாக வந்திருக்க வேண்டும்.

மேல்முறையீட்டில் ஒன்பதாம் சுற்று நீதிமன்றம் (கலிபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம்) 1982ல் ஆறு செலவுகளையும் சங்கத்துக்குச் சாதகமாகத் திருப்பியது. சங்கம் பலமாக இருந்தால் பேரமும் பலமாக இருக்கும், ஆகவே சங்கத்தைப் பலப்படுத்தும் செலவெல்லாம் பேரத்துக்கு உதவும் செலவுதான் என்ற போக்கில் அதன் வாதம் போயிற்று. இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் எந்தச் செலவும் வெளியே நிற்காது. திருப்பித் தரும் முறையும் சரி என்றது. எழுத்தர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள்.

1984: ஆறு செலவுகளும் ஒவ்வொன்றாக

தீர்ப்பு 1984 ஏப்ரல் 25. எழுதியவர் நீதிபதி பைரன் வைட். அவர் வைத்த சோதனை இதுதான்: நிர்வாகத்துடன் தொழிலாளர் விஷயங்களைப் பேச, எல்லோருக்குமான ஒரே பிரதிநிதி என்ற முறையில் சங்கம் செய்ய வேண்டிய கடமைகளுக்காக அவசியமாகவோ நியாயமாகவோ ஆன செலவா? ஆம் என்றால் எல்லோரிடமும் வாங்கலாம், ஊழியர் எதிர்த்தாலும்.

மாநாட்டுச் செலவு தேறியது. நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்காமல், பேரத்தின் இலக்குகளை வகுக்காமல் ஒரு சங்கம் எப்படி நடக்கும் என்பது காரணம். நீதிபதி பவல் மட்டும் இதில் மாறுபட்டார். மாநாட்டு மேடையில் அரசியல்வாதிகள் வந்து பேசிவிட்டுப் போன பகுதியையும் ஏன் எதிர்ப்பாளர் சுமக்க வேண்டும், பேரத்துக்கான பகுதி எவ்வளவு என்று சங்கம் பிரித்துக் காட்டவில்லையே என்றார். என் கணிப்பில் பவல் சொன்னதில்தான் நியாயம் அதிகம். பத்திரிகையில் வரி எண்ணத் தெரிந்த சங்கத்துக்கு மாநாட்டில் மணி நேரத்தை எண்ண முடியாதா என்ன.

சிற்றுண்டியும் தேறியது. தலைமைச் சங்கத்தின் செலவில் சுமார் 0.7 விழுக்காடுதான் கூட்டங்களுக்கான தேநீர், பலகாரம், எப்போதாவது நடக்கும் கொண்டாட்டம் ஆகியவற்றுக்குப் போனது. உறுப்பினர் அல்லாதவரும் வரலாம். பேரத்துக்கு இது மையமானது அல்லதான், ஆனாலும் கூடிப் பேசுவதோடு ஒட்டிய செலவு என்று விட்டுவிட்டார்கள். தொகை சிறியது என்பதற்காக மட்டும் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பத்திரிகைக்கு ஒரு துணை விதி. எந்தக் காரியத்துக்கு எதிர்ப்பாளரின் பணத்தைச் செலவிடக் கூடாதோ, அந்தக் காரியத்தைப் பற்றி எழுதவும் அவர் பணத்தைச் செலவிடக் கூடாது. மற்றபடி பேரம், ஒப்பந்தம், ஊழியர் உரிமை பற்றிய செய்திகளுக்கு வாங்கலாம். அதாவது வரி எண்ணும் வேலை தொடர்ந்தது, எண்ண வேண்டிய வரிகள்தான் கூடின.

புது ஆட்களைச் சேர்க்கும் செலவு தேறவில்லை. இது சங்கங்களுக்கு விழுந்த பெரிய அடி. மற்ற நிறுவனங்களிலும் சங்கம் வலுவாக இருந்தால்தான் இங்கே கூலி இறங்காமல் இருக்கும் என்ற வாதம் பொருளாதார ரீதியில் பொய்யில்லை. ஆனால் 1951ல் நாடாளுமன்றம் தீர்க்க நினைத்த பிரச்சினை தன் பிரிவுக்குள் ஓசியில் அனுபவிப்பவர்களைப் பற்றியது. எங்கேயோ இன்னொரு நிறுவனத்தில் ஆள் சேர்ப்பதால் இந்தக் கவுன்டர் ஊழியருக்குக் கிடைக்கும் பலன் மிகத் தொலைவானது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வழக்குச் செலவும் பெரும்பகுதி தேறவில்லை. தன் பிரிவின் ஒப்பந்தம், தாவா, பிரதிநிதித்துவக் கடமை தொடர்பான வழக்கு என்றால் வாங்கலாம். இல்லையென்றால் கூடாது. கூடாது என்றதில் ஒன்று எனக்கு ஆச்சரியம் தந்தது. ஒரு நிறுவனத்தில் வேலைநிறுத்தம் நடந்தால் மற்ற விமான நிறுவனங்கள் அதற்குப் பணம் கொடுத்துத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பரஸ்பர உதவி உடன்பாடு 1958 முதல் 1978 வரை இருந்தது. அதன் சட்டபூர்வத்தை எதிர்த்துச் சங்கங்கள் வழக்காடின. வேலைநிறுத்தத்தின் பல்லையே பிடுங்கும் உடன்பாட்டை எதிர்ப்பது பேரத்துக்கு உதவாதா? துறை முழுவதற்குமான வழக்கு, இந்தப் பிரிவுக்கு மட்டுமானது அல்ல என்பதால் அதுவும் வெளியே போயிற்று. இந்த ஒரு இடத்தில் கோடு ரொம்பக் குறுகலாகப் போடப்பட்டது என்று நினைக்கிறேன்.

இறப்புத் தொகை பற்றி நீதிமன்றம் முடிவே சொல்லவில்லை. அதற்குள் பிராக் அந்த எழுத்தர்களின் பிரதிநிதியாகவே இல்லை. வழக்கு நடந்த காலத்தில் சங்கம் மாறிவிட்டது. பழைய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பது மட்டும் பாக்கி. சந்தா கட்டிய வரைக்கும் அந்தக் காப்பு அவர்களுக்கும் இருந்ததால், திருப்பித் தர வேண்டியதில்லை.

திருப்பித் தருவது ஏன் போதாது

தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆறு செலவுகள் அல்ல, இந்தப் பகுதிதான். பவல் உட்பட எல்லா நீதிபதிகளும் ஒன்றாக நின்றது இதில். முழுச் சந்தாவையும் பிடித்து, செலவழித்து, மாதங்கள் கழித்துத் திருப்பித் தருவது என்றால், இடைப்பட்ட காலத்தில் எதிர்ப்பாளரிடமிருந்து அவர் விருப்பம் இல்லாமல் சங்கம் கடன் வாங்கியிருக்கிறது என்று பொருள். அதுவும் அவர் எதை எதிர்த்தாரோ அதற்காகவே. பங்காளி கேட்காமல் எடுத்த பணத்தைப் பொங்கலுக்கு வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், ஆனால் எடுத்தது எடுத்ததுதான்.

இப்படிக் கடன் வாங்க ஒரே நியாயம் நிர்வாக வசதி. ஆனால் முன்கூட்டியே சந்தாவைக் குறைத்து வாங்கலாம், அல்லது தகராறுக்குரிய பகுதியை வட்டி தரும் தனிக் கணக்கில் போட்டுவைக்கலாம். இரண்டுமே சங்கத்துக்குப் பெரிய சுமை இல்லை. மாற்று வழி கையில் இருக்கும்போது தற்காலிகமாகக்கூட எதிர்ப்பாளரின் பணத்தைத் தொடக் கூடாது. தனி ஆளுக்குத் தொகை சொற்பம் என்பதைச் சங்கம் சாக்காகச் சொல்ல முடியாமல் போனது.

1971ல் தொடங்கியது, 1984ல் முடிந்தது. 13 வருடம். வெஸ்டர்ன் ஏர்லைன்ஸே 1987ல் டெல்டா ஏர்லைன்ஸோடு இணைந்து காணாமல் போனது. பிராக் அதே வருடம் பெயரை மாற்றிக்கொண்டது. வழக்காடிய இரண்டு பெயர்களும் பலகையிலிருந்து இறங்கிவிட்டன, விதி மட்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அப்புறம் நடந்தது

முன்கூட்டியே குறைக்கச் சொன்னார்கள், சரி. எவ்வளவு குறைப்பது என்று யார் சொல்வது? 1986ல் சிகாகோ ஆசிரியர் சங்க வழக்கு இதற்குப் பதில் தந்தது. அங்கே உறுப்பினர் அல்லாதவரிடம் சந்தாவில் 95 விழுக்காட்டை வாங்கினார்கள், அந்த 95 எப்படி வந்தது என்று சொல்லவில்லை. இனிமேல் மூன்று விஷயம் வேண்டும் என்றது நீதிமன்றம்: கட்டணம் எப்படி வந்தது என்று முன்கூட்டியே போதுமான விளக்கம், சார்பில்லாத ஒருவரிடம் விரைவில் முறையிடும் வாய்ப்பு, தகராறு தீரும் வரை தகராறுக்குரிய பணம் தனிக் கணக்கில். இது அரசு ஊழியர் வழக்கு என்றாலும் விமானச் சங்கங்களும் இதே வழியில் போக ஆரம்பித்தன.

விமானிகளின் பெரிய சங்கமான ஆல்பா (1931ல் தொடங்கியது) டெல்டா விமானிகளுக்குப் போட்ட கணக்கு அடுத்த கட்டம். தானே வகுத்துக்கொண்ட முறையில், 1992ம் ஆண்டுச் செலவில் 19 விழுக்காடு பேரத்தோடு தொடர்பில்லாதது என்று ஆல்பா முடிவு செய்தது. எதிர்ப்பாளர்கள் 81 விழுக்காடு கட்ட வேண்டும். விமானிச் சங்கத்தின் சந்தா மாதம் இவ்வளவு என்ற நிலையான தொகை அல்ல, சம்பளத்தில் குறிப்பிட்ட விழுக்காடு. மூத்த கேப்டன்களுக்கு அந்த 19 சில புள்ளிகள் கூடினாலும் குறைந்தாலும் வரும் வித்தியாசம் சில்லறை இல்லை. எதிர்ப்பு வந்ததும் சங்கம் நடுவர் ஒருவரிடம் அனுப்பியது. 153 விமானிகள் நடுவரை ஏற்காமல் நேராக நீதிமன்றம் போனார்கள்.

இதில் சங்கத்தின் செலவுகள் நெருக்கத்தில் தெரிந்தன. விமானிச் சங்கம் பாதுகாப்பு வேலைக்கு நிறையச் செலவிடும் சங்கம். விமானி ஒருவர் பறக்காமல் சங்க வேலையோ விபத்து ஆய்வோ பார்த்தால், அந்த நாட்களின் சம்பளத்தைச் சங்கம் நிறுவனத்துக்கு ஈடு கட்டுவது இந்தத் துறையில் பெரிய செலவுத் தலைப்பு. சரி, விமானப் பாதுகாப்பு விதிகளுக்காக அரசிடம் போய் வாதாடும் செலவை எதிர்ப்பாளரிடம் வாங்கலாமா? பாதுகாப்பு வேண்டாம் என்று எந்த விமானியும் சொல்ல மாட்டார். ஆனாலும் 1997ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடாது என்றது. விஷயம் எல்லா விமானிக்கும் முக்கியம் என்பது வேறு, டெல்டா நிர்வாகத்துடனான பேரம் என்பது வேறு. அரசிடம் போவது இரண்டாவது வகையில் வராது.

1998ல் உச்ச நீதிமன்றம் மிச்சக் கேள்வியைத் தீர்த்தது. சங்கம் ஏற்படுத்திய நடுவர் முறையை ஒப்புக்கொள்ளாத விமானியை, முதலில் அங்கே போய் வா என்று கட்டாயப்படுத்த முடியாது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் சொன்ன காரணம் எளிமையானது: நடுவர் தீர்ப்பு என்பது சம்மதத்தில் வருவது, இவர்கள் சம்மதிக்கவில்லை.

2018ல் அரசு ஊழியர்களுக்குக் கட்டாயச் சந்தாவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, விமான நிறுவனங்களிலும் இது முடிந்தது என்று பலர் எழுதினார்கள். முடியவில்லை. அது அரசு முதலாளியாக இருக்கும் இடத்துக்கு மட்டும். யுனைடெட் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் சிலர் அதே வாதத்தோடு போனார்கள், 2020ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. எதிர்ப்பவர் தானாக எழுதிக் கொடுத்தால்தான் கழிவு, சும்மா இருந்தால் முழுச் சந்தா என்ற ஏற்பாடும் அப்படியே நீடிக்கிறது.

எதை வேறு மாதிரி செய்திருக்கலாம்

1971ல் பிராக் நிர்வாகிகள் இடத்தில் இருந்து பார்த்தால் செலவில்லாத ஒரு வேலை கையில் இருந்தது. 1961, 1963 தீர்ப்புகள் ஏற்கெனவே மேசையில் இருந்தன. கணக்குப் புத்தகத்தில் தலைப்புகளை நோக்கப்படி பிரித்து, போன வருட விகிதத்தை வைத்து இந்த வருட எதிர்ப்பாளருக்கு முன்கூட்டியே குறைத்திருக்கலாம். கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ வருடக் கடைசியில் சரி செய்யலாம். கடன் என்ற பேச்சுக்கே இடம் இருந்திருக்காது, நடுத்தரமான செலவுகளில் நீதிமன்றம் இன்னும் தாராளமாகக்கூட நடந்திருக்கலாம். இறப்புத் தொகையைச் சந்தாவுக்குள் திணிக்காமல் விருப்பமுள்ளவர் தனியாகக் கட்டுவதாக வைத்திருந்தால் அந்தத் தகராறே கிளம்பியிருக்காது.

தேர்தல் பணத்தில் இது ஓரளவு நடந்துவிட்டது. தேசியத் தேர்தல் வேட்பாளருக்குச் சந்தாப் பணம் கொடுக்க 1947லிருந்தே தடை. அதற்கென்று விருப்பப்படி கொடுக்கும் தனி நிதியை ஆல்பா மாதிரி சங்கங்கள் வைத்திருக்கின்றன. ஆனால் சட்டங்களுக்காக அரசிடம் வாதாடும் செலவு இன்னும் சந்தாவிலிருந்துதான்.

ஊழியர் பக்கம் மாற வேண்டியது, எதிர்ப்பதற்கு முன்னால் கணக்கைப் படிப்பது. 1959 சட்டப்படி வருடத்துக்கு 2,50,000 டாலரோ அதற்கு மேலோ வரவு உள்ள சங்கம் எல்.எம்.-2 என்ற படிவத்தை நிதியாண்டு முடிந்து 90 நாட்களுக்குள் தொழிலாளர் துறையிடம் தர வேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். 5,000 டாலரோ அதற்கு மேலோ ஆன செலவுகளைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். பிரதிநிதித்துவ வேலை, அரசியலும் அரசிடம் வாதாடுவதும், நன்கொடை, பொதுச் செலவு, சங்க நிர்வாகம் என்று ஐந்து தலைப்புகள். இந்தத் தலைப்புகள் 1984 சோதனையோடு அப்படியே பொருந்தாது. ஆள் சேர்க்கும் செலவு பிரதிநிதித்துவ வேலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அலுவலக வாடகையும் கணினியும் பொதுச் செலவில் கிடக்கும், அதில் எத்தனை பங்கு அரசியல் வேலைக்கு உதவியது என்று படிவம் சொல்லாது. எதிர்ப்புக் கடிதம் எழுதுகிறவர் சங்கம் அனுப்பும் விழுக்காட்டுக் கணக்கையும் இந்தப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பொதுச் செலவுத் தலைப்பைத்தான்.